குடும்ப விளையாட்டும் மதிப்பெண்ணும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், பெற்றோரும் இளைஞரும் கலந்துகொண்ட மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பற்றியே பேசிவந்தவன் நான். இவ்வாண்டு காணொளி விளையாட்டுகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் சிலர் புன்னகைத்தனர். அவர்கள் புன்னகைக்குக் காரணம் உண்டு. என் கைகள் சுண்ணக்கட்டியையும் சிவப்பு மையையும் அறிந்தவை. விளையாட்டுக் கருவியின் பொத்தான்களை அறியாதவை. எனினும் இத்தலைப்பை நான் தேடிச் செல்லவில்லை. அதுவே என் இல்லம் தேடி வந்தது.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் மகன், பிள்ளைகளுக்காக நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்னும் விளையாட்டுக் கருவியை வாங்கிவந்தான். சில நாள்கள் சென்றபின் பன்னிரண்டு வயதுப் பேரன் கைப்பேசியை என்முன் நீட்டினான். "தாத்தா, இந்த விளையாட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியிருக்கிறது. நீங்கள் தமிழில் யாருக்காவது இவ்வளவு போட்டதுண்டா?" என்றான். போட்டதில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். பிறகு நான் ஒரு வினாத் தொடுத்தேன்: "அந்தத் தொண்ணூற்றேழைப் போட்டவர் யார்? எதற்காகப் போட்டார்?" அவனுக்கு விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவ்வினாவைத் தொடர்ந்து சென்று நான் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

மதிப்பெண் இடுவதில் எனக்குச் சற்றுப் பழக்கம் உண்டு. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் கோடைகள் பல கழிந்தன. ஒரு மதிப்பெண் வினாவில் இடர்ப்பாடு இல்லை; விடைக்குறிப்பு கையில் இருக்கும். கட்டுரை வினா வரும்போதுதான் கை தயங்கும். ஒரே கட்டுரைக்கு நான் ஆறு இடுவேன்; பக்கத்து மேசை நண்பர் எட்டு இடுவார். இருவரும் நேர்மையாளரே. அவர் கருத்தை நோக்கினார், நான் நடையை நோக்கினேன். இவ்வேறுபாட்டைச் சீர்செய்யவே முதன்மைத் தேர்வாளர் என ஒருவரை அமர்த்தினர். விடைத்தாளுக்கே இந்நிலை என்றால், விடைக்குறிப்பே இல்லாத விளையாட்டுக்கு எண் இடுவது எத்தகைய பொறுப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நின்டெண்டோ, ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு, மலர்ச் சித்திரங்கள் பொறித்த ஹனாஃபுடா சீட்டுகளைச் செய்யும் நிறுவனமாகத் தோன்றியது. 1983 ஜூலை 15 அன்று அந்நிறுவனம் ஒரு விளையாட்டுக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அதன் பெயர் ஃபேமிலி கம்ப்யூட்டர். மக்கள் அதனைச் சுருக்கி ஃபாமிகாம் என்றனர். பெயரிலேயே குடும்பம் அமர்ந்திருப்பதைக் காண்க. கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைத்து, வீட்டார் பலரும் பகிர்ந்து ஆடும் பொருள் அது.

அதே 1983இல் அமெரிக்காவில் காணொளி விளையாட்டுச் சந்தை சரிந்து வீழ்ந்தது. காரணங்கள் பல; அவற்றுள் தலையாயது, தரமற்ற விளையாட்டுகள் வெள்ளமெனப் பெருகியமை. ஒரு புகழ்பெற்ற திரைப்படத்தை ஒட்டி, 1982 கிறித்துமசு விற்பனைக்காக ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஒரு விளையாட்டு செய்யப்பட்டது. அதன் பெயர் ஈ.டி. விற்காமல் தேங்கிய கேட்ரிட்ஜுகளை அடாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகர்க் குப்பைமேட்டில் புதைத்தது. 2014ஆம் ஆண்டு அவ்விடத்தைத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன. அட்டைப்படத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுத்த பெற்றோர் எத்தனை பேர் ஏமாந்திருப்பர்!

1985இல் நின்டெண்டோ அமெரிக்கச் சந்தையில் நுழைந்தபோது இந்தப் பாடத்தை மறக்கவில்லை. வெளியார் செய்யும் விளையாட்டுகளுக்கு உரிமம் வேண்டும் என்றது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்துக்குமேல் வெளியிடலாகாது என்றது. பெட்டியின்மேல் தர முத்திரை ஒன்றைப் பொறித்தது. ஆயினும் அம்முத்திரை சொன்னது, இக்கருவியில் இவ்விளையாட்டு முறையாக இயங்கும் என்பதையே. ஆடுவதற்கு இனிமையானதா என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்ல வேறொருவர் தேவைப்பட்டார். அவரே மதிப்புரையாளர்.

ஜப்பானில் 1986ஆம் ஆண்டு தோன்றிய ஃபாமிட்சு என்னும் இதழ், இதற்கென ஒரு முறையைக் கையாண்டு புகழ்பெற்றது. ஒரு விளையாட்டை நால்வர் ஆடுவர். ஒவ்வொருவரும் சில வரிகள் எழுதிப் பத்துக்கு மதிப்பெண் இடுவர். நான்கையும் கூட்டினால் நாற்பது. இம்முறையை அறிந்தபோது என் உள்ளம் மகிழ்ந்தது; ஏனெனில், ஆறு இட்ட நானும் எட்டு இட்ட நண்பரும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கிறோம். வேறுபாடு மறைக்கப்படவில்லை. அவ்விதழில் முதன்முதலில் நாற்பதுக்கு நாற்பது பெற்றது 1998இல் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகரினா ஆஃப் டைம்' என்னும் நின்டெண்டோ விளையாட்டு. 2005இல் நாய்க்குட்டி வளர்க்கும் 'நின்டெண்டாக்ஸ்' என்னும் எளிய விளையாட்டும் முழு மதிப்பெண் பெற்றது. வாளேந்திய வீரனுக்கும் வாலாட்டும் குட்டிக்கும் ஒரே எண்! எண் ஒன்றாயினும் இன்பம் ஒன்றன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அமெரிக்காவில் 1988 முதல் நின்டெண்டோ பவர் என்னும் இதழ் வந்தது. அதனை வெளியிட்டது நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையே. தன் கடைச் சரக்குக்குத் தானே தராசு பிடிக்கும் நிலை அது. அங்கு எழுதியோர் நேர்மையாக எழுதியிருக்கலாம். ஆயினும் தராசு யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்தே வாங்குவோர் படிக்கவேண்டும். இன்றும் விளையாட்டு நிறுவனங்கள் வெளியீட்டுக்கு முன்னரே மதிப்புரையாளர்க்கு இலவசப் படி அனுப்புகின்றன. இன்ன நாள், இன்ன மணிக்குமுன் எழுதலாகாது என்று வரையறையும் விதிக்கின்றன. முதல்நாளே மதிப்புரை வரவேண்டும் என்பதால், பல வாரங்கள் ஆடவேண்டியதைச் சில நாள்களில் விரைந்து ஆடி முடிக்கின்றனர். விருந்தை அவசரமாக விழுங்கியவர் சுவை சொல்வது போன்றது இது.

என் பேரன் காட்டிய தொண்ணூற்றேழு மெட்டாகிரிடிக் என்னும் தளத்தினது. 2001இல் தொடங்கிய அத்தளம், பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு ஓர் எண்ணாக்கித் தருகிறது. ஒவ்வோர் இதழுக்கும் வெவ்வேறு எடை கொடுத்துச் சராசரி காண்கிறது. அந்த எடைகளை அது வெளியிடுவதில்லை. ஃபாமிட்சுவின் நால்வரையும் நாம் தனித்தனியே காணமுடிந்தது. இங்கோ பல பத்துப் பேர் ஓர் எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றனர்.

அந்த எண் மனிதர் வாழ்வையும் தொடுகிறது. 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்பது பெரியோர்க்கான விளையாட்டு, நம் குடும்பக் கருவிகளுக்கு உரியதன்று. ஆயினும் இந்தச் செய்தி பொதுவானது. அதனை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிடிக்கில் 85 பெற்றால் ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. தொகை கிடைக்கவில்லை என்று அதன் வடிவமைப்பாளர் ஒருவரே 2012இல் பலரறியக் கூறினார். 34இல் நின்ற மாணவனின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உறங்காத இரவுகள் எனக்குண்டு. அந்த ஒற்றை மதிப்பெண்ணின் கனத்தை ஆசிரியர் எவரும் அறிவர்.

இங்கே பெற்றோர்க்கு ஒரு குறிப்பு. பெட்டியின்மேல் காணும் எண் வேறு, மதிப்புரையில் காணும் எண் வேறு. 1993 டிசம்பரில் அமெரிக்க மேலவையில், காணொளி விளையாட்டுகளின் வன்முறை பற்றி விசாரணை நடந்தது. 'மார்ட்டல் காம்பாட்' என்னும் சண்டை விளையாட்டு அதில் பெரிதும் பேசப்பட்டது. அதன் நின்டெண்டோ பதிப்பில் குருதியை நீக்கி வியர்வைபோல் காட்டியிருந்தனர். அவ்விசாரணையின் விளைவாக 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் வயது வகைப்பாட்டு அமைப்பு பிறந்தது. ஜப்பானில் 2002இல் செரோவும், ஐரோப்பாவில் 2003இல் பெகியும் வந்தன. பெகி 3, 7, 12, 16, 18 என்று வயதைக் குறிக்கும். பெட்டியில் 7 என்றிருந்தால் ஏழு வயதினர்க்கும் ஏற்றது என்பது பொருள். மதிப்புரையில் 7 என்றிருந்தால் பத்துக்கு ஏழு தேறியது என்பது பொருள். முன்னது தீங்கின்மையைக் கூறுவது, பின்னது நயத்தைக் கூறுவது. தீங்கற்ற விளையாட்டு சுவையற்றதாகவும் இருக்கலாம். சுவைமிக்க விளையாட்டு நம் பிள்ளைக்கு ஒவ்வாததாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இனி என் உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். குடும்பம் ஆடும் விளையாட்டைத் தனியொருவர் ஆடி மதிப்பிடும்போது எது தவறிப்போகிறது?

2006இல் நின்டெண்டோ வீ என்னும் கருவியை வெளியிட்டது. பொத்தான்களை அழுத்துவதற்கு மாறாக, கையிலுள்ள கருவியை மட்டைபோல் வீசினால் திரையில் பந்து பறக்கும். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் அதனுடன் 'வீ ஸ்போர்ட்ஸ்' என்னும் விளையாட்டைச் சேர்த்தே தந்தனர். டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை ஆகிய ஐந்தும் அதில் உண்டு. மெட்டாகிரிடிக் எண் 76. காட்சிகள் எளியவை, ஆழம் குறைவு என்பது திறனாய்வாளர் பலரின் குறை. அக்குறை பொய்யன்று. ஆனால் கருவியைத் தொட்டறியாத பாட்டியும் பேத்தியும் ஒரே கூடத்தில் நின்று பந்து உருட்டினர். முதியோர் இல்லங்களில்கூட வீ பௌலிங் போட்டிகள் நடந்தன. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட படிகள் வீடுகளைச் சென்றடைந்தன. எழுபத்தாறு என்னும் எண்ணில் அந்தப் பாட்டி இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேகமாக வீசியபோது கருவி கைநழுவிப் பறந்து, தொலைக்காட்சித் திரைகளையும் பொருள்களையும் உடைத்த செய்திகள் வந்தன. 2006 டிசம்பரிலேயே நின்டெண்டோ மணிக்கட்டுக் கயிற்றைத் தடித்ததாக மாற்றித் தந்தது. சிறு கூடத்தில் இருவர் நின்று வீச இடம் போதுமா, கயிறு தாங்குமா என்பனவும் குடும்ப மதிப்புரையில் இடம்பெறவேண்டிய செய்திகளே.

மற்றோர் எடுத்துக்காட்டு, 2017இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்'. இது வண்டிப்பந்தயம். இதில் வண்டி பாதையைவிட்டு விலகாதபடி தானே திருப்பிக் காக்கும் வசதி ஒன்றுண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் முதல் வேலையாக அதனை அணைத்துவிடுவார். அது இருப்பதையே மறந்தும் போவார். ஐந்து வயதுக் குழந்தைக்கோ அதுதான் வாயிற்படி. அது இருப்பதால்தான் அக்குழந்தை பள்ளத்தில் விழுந்துவிழுந்து அழாமல், அண்ணனோடு ஒரே பந்தயத்தில் ஓடமுடிகிறது. இதனை ஒரு வரியேனும் எழுதாத மதிப்புரை, எத்தனை நயமாக இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை குறையுடையதே.

2020 மார்ச் 20 அன்று 'அனிமல் கிராசிங்: நியூ ஹரைசன்ஸ்' வெளிவந்தது. உலகமே கதவடைத்து உள்ளிருந்த நாள்கள் அவை. வெறுமையான தீவொன்றில் குடியேறி, மீன் பிடித்து, மரம் நட்டு, வீடு கட்டி, விலங்கு அண்டையரோடு பழகும் அமைதியான விளையாட்டு. திறனாய்வாளர் மதிப்பெண் ஏறத்தாழத் தொண்ணூறு. ஆனால் வாங்கியோர் பலர் சுழியம் இட்டனர். காரணம் என்ன? ஒரு கருவிக்கு ஒரு தீவு மட்டுமே. எட்டுப் பேர் வரை அத்தீவில் குடியிருக்கலாம். எனினும் முதலில் நுழைந்தவரே குடியிருப்போரின் பிரதிநிதி. பாலம் எங்கே, கடை எங்கே என்னும் முடிவுகள் அவர்க்குரியவை. தங்கை வீடு கட்டிக்கொள்ளலாம். தீவை வளர்க்க இயலாது. தனிக்கருவியில் தனியே ஆடியவர்க்கு இக்குறை உறுத்தாது. ஒரே கருவியைப் பகிர்ந்த வீட்டிலோ முதல்நாளே வழக்கு எழுந்தது.

சுழியம் இட்டவர் செய்ததும் முறையன்று என்பேன். நூறு நற்பண்புகளை ஒரு சினத்தால் அழிப்பது மதிப்பீடாகாது. அதே ஆண்டு ஜூலையில், விளையாட்டு வெளிவந்து 36 மணி நேரம் சென்ற பின்னரே பயனர் மதிப்பெண் இடமுடியும் என்று மெட்டாகிரிடிக் விதி செய்தது. வேறொரு விளையாட்டுக்கு எதிரான எண்தாக்குதலுக்குப் பின் வந்த விதி அது. எனினும் அனிமல் கிராசிங் சுழியங்களின் அடியில் ஓர் உண்மை கிடந்தது. ஒரு பெற்றோர் வாங்குமுன் அறியவேண்டிய முதற்செய்தி அதுவே. அதனை முதற்பத்தியில் எழுதிய மதிப்புரை இருந்தால், அது இட்ட எண் எதுவாயினும் அதுவே நன்மதிப்புரை.

அப்படியானால் எண்ணை அடியோடு விட்டுவிடலாமா? யூரோகேமர் என்னும் தளம் 2015இல் பத்துக்கு மதிப்பெண் இடுவதை நிறுத்திப் பார்த்தது. 2023இல் ஐந்து விண்மீன் முறையோடு மீண்டு வந்தது. மக்கள் எண்ணைக் கேட்கின்றனர்; கேட்பதில் பிழையில்லை. எண் வாயில், சொல்லே வீடு. நம் நன்னூல், ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துக் காட்டுகிறது. இன்ன நூலுக்கு இத்தனை மதிப்பெண் என்று அது கணக்கிடவில்லை. குற்றம் எது, அழகு எது எனப் பெயர் சொல்லக் கற்பித்தது. அதுவே திறனாய்வின் அடிப்படை.

இங்குள்ள இளைஞருள் சிலர் இவ்விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் பேசிக் காணொளிகள் வெளியிடுவதாக அறிந்து மகிழ்கிறேன். அவர்கட்கு ஆசிரியன் என்ற முறையில் சில வேண்டுகோள். எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், தனியாகவா பிறரோடா என்பதை முதலிலேயே கூறுங்கள். படி இலவசமாக வந்ததாயின் மறைக்காதீர்கள். உங்களினும் இளையவர் ஒருவரையும், விளையாடியறியாத பெரியவர் ஒருவரையும் அமர்த்தி ஆடச் செய்து, அவர் எங்கே தடுமாறினார் என்பதைக் குறியுங்கள். ஒரு கருவியில் எத்தனை பேர், எத்தனை சேமிப்பு, வாங்கிய பின்னும் பணம் கேட்குமா, இடையில் நிறுத்திவிட்டு உணவுக்கு எழ முடியுமா என்பவற்றை எழுதுங்கள். பத்துக்கு ஏழைத் தாழ்ந்த எண்ணாக்கிவிடாதீர்கள். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணுக்கும் பணி கொடுங்கள். இறுதியாக, அதனைச் செய்தவர் பல ஆண்டுகள் உழைத்த மனிதர் என்பதை நினைந்து, குறையைக் குறையாகவே சொல்லுங்கள், ஏளனமாகச் சொல்லாதீர்கள்.

தொண்ணூற்றேழு பெற்ற விளையாட்டு என்னாயிற்று என்று கேட்பீர்கள். அது 2017இல் வந்த 'சூப்பர் மரியோ ஒடிசி'. வாங்கினோம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு மாதம் ஆடியபின், பேரனும் எட்டு வயதுப் பேத்தியும் தனித்தனியே மதிப்புரை எழுதித் தரவேண்டும். பேரன் பத்துக்கு ஒன்பதரை இட்டான். பேத்தி ஆறு இட்டாள். அதில் இருவர் ஆடும்போது ஒருவர் மரியோ, மற்றவர் அவன் தொப்பி. காட்சி மரியோவையே பின்தொடரும். "எனக்கு எப்போதும் தொப்பி மட்டுமே தருகிறான். நான் பார்க்க விரும்பும் பக்கம் திரை திரும்புவதில்லை" என்பது அவள் எழுதிய காரணம்.

இரு தாள்களையும் பேரன் முன் வைத்தேன். அவன் நெடுநேரம் படித்தான். விளையாட்டின் குறை எது, தன் குறை எது என்று பிரித்துப் பார்த்தான் போலும். மறுநாள் முதல் அவள் மரியோ. புதியவர்க்கு வழிகாட்டும் அம்புக்குறிகளையும் கூடுதல் உயிர்வலிமையையும் தரும் உதவிமுறை அதில் இருப்பதை அவனே தேடிக் கண்டு, அவளுக்காக இயக்கிக் கொடுத்தான். அடுத்த மாதம் அவள் ஆறை அடித்து எட்டு என்று திருத்தினாள். அருகில், "இப்போது முறை மாறி மாறி வருகிறது" என்றும் எழுதினாள்.

எத்தனையோ விடைத்தாள்களைத் திருத்திய எனக்கு, காரணத்தோடு திருத்தப்பட்ட அந்த ஒரு மதிப்பெண் மனநிறைவைத் தந்தது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஓர் எண்ணைக் காட்டி ஒரு பொருளைக் கேட்கும்போது மறுக்கவும் வேண்டா, உடனே இசையவும் வேண்டா. "இதைப் போட்டவர் யாரோடு ஆடினார்?" என்று மட்டும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் பிள்ளை, விளையாட்டோடு நேர்மையான மதிப்பீட்டையும் கற்றுக்கொள்ளும்.